ஆங்கிலப் பிழைகளில் எவற்றைத் திருத்த வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், ஊடகங்களில் வரும் ஆங்கிலப் பிழைகளைச் சுட்டிக்காட்டித் திருத்தும் பகுதியைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஆங்கில நாளேடு ஒன்றின் செய்திப் பிரிவில் துணை ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அடுத்தவர் எழுதிய வாக்கியத்தில் கை வைப்பதே என் பிழைப்பாக இருந்ததால், இப்படியொரு பகுதியைத் தமிழ் நாளிதழ் வெளியிடுவதை மனமார வரவேற்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால், அண்மை வாரங்களில் அப்பகுதி பிழை என்று பட்டியலிட்டவற்றில் பெரும்பாலானவை பிழையே அல்ல. செய்தியின் பொருளையே திருப்பிவிடும் பிழைகளோ அதில் இடம்பெறவே இல்லை. இந்த இரண்டையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதம்.

முதலில், பிழை அல்லாதவற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில வாக்கியத்தைப் பிரிபொசிஷனில், அதாவது 'வித்', 'டு' போன்ற முன்னிடைச் சொல்லில், முடிக்கக் கூடாது என்று அப்பகுதி அடித்துச் சொல்கிறது. கவிஞர் ஜான் டிரைடன் 1672-ல், தமக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியரான பென் ஜான்சனிடம் குறை கண்டபோது எழுப்பிய ஆட்சேபம் அது. லத்தீன் இலக்கணத்தை அளவுகோலாக வைத்து ஆங்கிலத்தை அளந்த காலத்தில் அந்த ஆட்சேபம் விதியாகிவிட்டது. ஆங்கிலம் பேசுபவர்களும் எழுதுபவர்களும் அதை ஒருநாளும் முழுமையாகப் பின்பற்றியதில்லை. 'டு' என்ற சொல்லுக்கும் அதற்கு அடுத்து வரும் வினைக்கும் நடுவில் வேறு சொல் நுழையக் கூடாது என்பதும் இதே வகைதான். கேன்டர்பரி தேவாலயத்தின் டீனாக இருந்த ஹென்றி ஆல்ஃபர்ட் 1864-ல் அதைக் கண்டித்து எழுதிய பிறகுதான் பள்ளிக்கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. குறைவு என்பதைச் சொல்ல, எண்ணக்கூடிய பொருளுக்கு 'லெஸ்' வராது, 'ஃபியூவர்'தான் வரும் என்ற கண்டிப்பு, ராபர்ட் பேக்கர் என்பவர் 1770-ல் தம் விருப்பமாகத் தெரிவித்த கருத்திலிருந்து வளர்ந்தது. 9-ஆம் நூற்றாண்டில் ஆட்சி செய்த ஆல்ஃபிரட் மன்னரின் எழுத்திலேயே 'லெஸ்' என்பதன் பழைய வடிவம் எண்ணக்கூடிய பொருளுக்கு வந்திருக்கிறது. இவற்றைக் கடைப்பிடிக்க விரும்புகிறவர்கள் தாராளமாகக் கடைப்பிடிக்கலாம். கடைப்பிடிக்காதவரைப் பிழை செய்தவர் என்பதுதான் தவறு.

பெருமளவில் அழிப்பது என்ற பொருளில் இன்று வழங்கும் 'டெசிமேட்' என்ற சொல்லுக்குப் பத்தில் ஒருவரைக் கொல்வது மட்டுமே பொருள் என்ற குறிப்பும் அப்படிப்பட்டதே. ரோமானியப் படையில் அப்படியொரு தண்டனை இருந்தது உண்மை. ஆனால் பிறந்த இடத்தை வைத்தே சொல்லுக்குப் பொருள் கட்டுவதானால், 'நாற்றம்' என்ற சொல்லை இன்றைக்கும் நறுமணம் என்ற பொருளில் ஆள வேண்டியிருக்கும். நேற்று நடந்ததைத் தலைப்பில் நிகழ்காலத்தில் எழுதுவதும், தலைப்பில் 'எ', 'த' போன்றவற்றையும் துணை வினையையும் விட்டுவிடுவதும் ஆங்கில நாளேடுகளின் நெடுநாளைய வழக்கம். அதை இலக்கணப் பிழையாக எடுத்துக்காட்டியிருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. 'பிரிபோன்' என்ற சொல்லை இந்தியர்களின் உளறல் என்று கேலி செய்திருந்தீர்கள். அது ஆக்ஸ்போர்டு அகராதியில் இடம்பெற்ற சொல். தேதியைத் தள்ளிவைப்பதற்கு ஒரு சொல் இருக்கும்போது முன்னுக்குக் கொண்டுவருவதற்கும் ஒன்று வேண்டும் என்று இந்த நாட்டு அலுவலகங்களுக்குத் தோன்றியதில் என்ன குற்றம் என்று எனக்குப் புரியவில்லை. அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் நடைக் கையேட்டில் மிகக் கறாரானது. அதுவே 'நடக்கும் என நம்புவோம்' என்ற பொருளில் 'ஹோப்ஃபுலி' பரவலாக வழங்குவதை 2012-லும், எண்ணிக்கைக்கு முன் 'மேற்பட்ட' என்ற பொருளில் 'ஓவர்' வருவதை 2014-லும் ஏற்றுக்கொண்டுவிட்டது. அவர்களே விட்டுவிட்ட சண்டையை நாம் இங்கே தொடர்ந்துகொண்டிருக்கிறோம்.

உண்மையான இலக்கணப் பிழைகள் இல்லாமல் இல்லை. 'ஒன் ஆஃப் த' என்று தொடங்கிவிட்டு அடுத்து வரும் பெயர்ச்சொல்லை ஒருமையில் எழுதுவது, 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபௌட்' சேர்ப்பது, 'பிட்வீன்' என்று தொடங்கி 'டு' என்று முடிப்பது, 'எக்விப்மென்ட்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று பன்மையாக்குவது, 'ரிடர்ன் பேக்' என்பது என நம் ஆங்கிலத் தொலைக்காட்சிகளின் அடிவரிகளில் தினமும் பார்க்கிறோம். 'பற்றி விவாதித்தனர்' என்று மனம் தமிழிலோ இந்தியிலோ நினைக்கும்போது கை 'அபௌட்' என்று தட்டிவிடுகிறது, அவ்வளவுதான். இவை கண்ணை உறுத்தும், ஆனால் யாரையும் ஏமாற்றுவதில்லை. 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதினாலும் அமைச்சரவை எதை விவாதித்தது என்பது படிப்பவருக்குத் தெளிவாகவே விளங்குகிறது. தேர்வு எழுதப் போகிறவர்களுக்காக இவற்றை வாரத்துக்கு நாலு வரியில் சொல்லிவிட்டால் போதுமானது.

இலக்கணமும் பொருளும் ஒன்றாகக் கெடும் ஒரு வகை இருக்கிறது. அதற்குக் கூடுதல் இடம் தரலாம். போலீஸ் செய்திகளில் 'ஹைடிங் அண்டர் எ காட், த போலீஸ் அரெஸ்டட் த ராபர்' என்ற அமைப்பில் வாக்கியங்கள் வருவதுண்டு. ஆங்கில இலக்கணப்படி இங்கே கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தவர்கள் போலீசார்தான், கொள்ளையன் அல்ல. இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் வாசகருக்கு ஆங்கில இலக்கண நூலே தேவையில்லை. 'கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு போலீசார் கொள்ளையனைக் கைது செய்தனர்' என்று எழுதிப் பார்த்தால் தமிழிலும் அதே கூத்துதான் நடக்கிறது. 'ஒளிந்துகொண்டு' என்பது 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம்; செய்து, செய்யூ, செய்பு என்னும் வாய்பாட்டு எச்சங்கள் தம் வினைமுதலின், அதாவது அந்தச் செயலைச் செய்பவரின், வினையையே கொண்டு முடியும் என்று தொல்காப்பிய வினையியல் வகுத்த விதியைத்தான் ஆங்கிலமும் இந்த இடத்தில் வேறு பெயரில் எதிர்பார்க்கிறது. நம் வினையெச்சத்தைக் காட்டியே அந்த ஆங்கிலப் பிழையைச் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒரு தமிழ் நாளிதழ் அப்பகுதியை வெளியிடுவதற்கே தனியானதொரு பயன் கிடைத்திருக்கும். விபத்துச் செய்திகளில் இந்தப் பிழை சிரிப்போடு நிற்பதில்லை. குடிபோதையில் இருந்தவர் காரை ஓட்டியவரா, காரில் அடிபட்டவரா என்பது எச்சத்தின் வினைமுதல் யார் என்பதைப் பொறுத்தே முடிவாகிறது.

நான் முதன்மையாக எழுத வந்தது குற்றச் செய்திகளின் ஆங்கிலத்தைப் பற்றி. ஒருவர் கைதானவுடன் ஆங்கில ஊடகங்கள் 'அரெஸ்டட் ஃபார் மர்டரிங்' என்று எழுதிவிடுகின்றன. 'ஃபார்' என்ற அந்தச் சிறு சொல் கொலையை அவர்தான் செய்தார் என்று தீர்ப்பெழுதிவிடுகிறது. கொலை தொடர்பாகக் கைது என்றோ கொலைக் குற்றச்சாட்டில் கைது என்றோ எழுதுவதுதான் முறை. தமிழில் 'கொலை செய்ததற்காகக் கைது' என்பதற்கும் 'கொலை செய்ததாகக் கைது' என்பதற்கும் எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவு தூரம் ஆங்கிலத்திலும் இருக்கிறது. இந்தச் சிக்கலைச் சமாளிக்க 'கூறப்படும்' என்று பொருள்படும் 'அலெஜ்டு' என்ற சொல்லை உப்பைப் போலத் தூவிவிட்டால் சட்டத்திலிருந்து தப்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 'அலெஜ்டு அக்யூஸ்டு' என்று எழுதுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் என்பதிலேயே சாட்டுதல் இருக்கிறது. அவர் மீது குற்றம் சாட்டப்பட்டிருப்பதில் யாருக்கும் ஐயமில்லை, குற்றத்தைச் செய்தாரா என்பதில்தான் ஐயம். ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டது தெளிவாகத் தெரிந்தால் அது கொலைதான். அங்கே 'அலெஜ்டு மர்டர்' என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் பிடிபட்டவரின் பெயருக்கு முன்னால் எந்தத் தடுப்பும் இல்லாமல் 'த மர்டரர்' என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். ஐயம் எங்கே இருக்கிறதோ அங்கே சொல் இல்லை. ஐயம் இல்லாத இடத்தில் இருக்கிறது.

இதைவிடக் கேடானது 'கன்ஃபெஸ்டு' என்ற சொல். கைதான மறுநாளே 'ஹி கன்ஃபெஸ்டு டு த க்ரைம்' என்று செய்தி வந்துவிடுகிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை ஒருவருக்கு எதிரான சாட்சியமாக்கக் கூடாது என்பது 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் 23-ஆவது பிரிவாக அது தொடர்கிறது. காவலில் இருப்பவரிடம் எப்படி வாக்குமூலம் வாங்குவார்கள் என்பது தெரிந்துதான் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே அப்படி வேலி போட்டு வைத்தது. நீதிமன்றம் ஏற்காத ஒன்றைச் செய்தித்தாள் 'ஒப்புக்கொண்டார்' என்று அடித்துச் சொல்வதென்றால், அங்கே வினைச்சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் நிருபர் அல்லர், காவல் நிலையத்தில் குறிப்பு கொடுத்தவர். 'ஒப்புக்கொண்டதாகப் போலீசார் கூறினர்' என்று எழுதினால் செய்தியின் பொறுப்பு சொன்னவரிடம் போய்ச் சேரும். தமிழில் 'ஆக' என்று ஓர் ஒட்டு போதும். ஆங்கிலத்தில் 'த போலீஸ் செட்' என்று மூன்று சொல் தேவைப்படுகிறது. அந்த மூன்று சொல்லுக்கு இடம் இல்லை என்று சொல்லும் செய்திப் பிரிவுகளை எனக்கு நன்றாகத் தெரியும்.

'ரிஃப்யூட்' என்ற சொல்லும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததே. குற்றச்சாட்டை மறுத்தார் என்பதற்கு 'டினைட்' என்ற எளிய சொல் இருக்கிறது. செய்தி எழுதுகிறவர்கள் அதே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதச் சலித்து 'ரிஃப்யூட்டட்' என்று போடுகிறார்கள். சான்று காட்டிப் பொய்யென்று நிறுவினார் என்பதே அச்சொல்லுக்குக் கவனமாக எழுதுபவர்கள் தரும் பொருள். அரசியல்வாதி ஒருவர் விமான நிலையத்தில் நடந்துகொண்டே 'அப்படி எதுவும் இல்லை' என்று சொல்லிவிட்டுப் போனதை நிரூபணமாக்கிவிடுகிறது இந்தச் சொல். எதிர்த்திசையில் இதே வேலையைச் செய்வது 'அட்மிட்டட்'. சாதாரணமாகச் சொன்ன ஒரு தகவலைக் குற்றத்தை ஏற்றுக்கொண்டது போலக் காட்டும். 'ரிவீல்ட்' என்றால் சொன்னது உண்மை என்று நாளேடே சான்று தருகிறது. 'க்ளெய்ம்டு' என்றால் நம்ப வேண்டாம் என்று கண்ணடிக்கிறது. ஒரே செய்தியில் ஆளுங்கட்சிக்காரர் 'ரிவீல்' செய்வதும் எதிர்க்கட்சிக்காரர் 'க்ளெய்ம்' செய்வதும் தற்செயலாக நடப்பதில்லை என்பது என் கருத்து. 'செட்' என்ற சொல்லை ஒரு பக்கத்தில் முப்பது முறை எழுதினாலும் எந்த வாசகரும் புகார் செய்ததில்லை. அது கண்ணில் படாத சொல். செய்தி எழுதுபவருக்கு அதைவிட உதவியான சொல் இல்லை.

நீதிமன்றச் செய்திகளில் 'டிஸ்சார்ஜ்' வேறு, 'அக்விட்டல்' வேறு, 'குவாஷ்' வேறு, 'பெயில்' வேறு. குற்றச்சாட்டைப் பதிவு செய்வதற்கே போதிய முகாந்திரம் இல்லையென்று விசாரணை தொடங்குமுன் ஒருவரை வழக்கிலிருந்து விடுவிப்பது முதலாவது. சாட்சிகளை விசாரித்து முடித்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்வது இரண்டாவது. உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்வது மூன்றாவது. நான்காவதில் வழக்கு அப்படியே இருக்கிறது. ஆள் மட்டும் நிபந்தனையோடு வெளியே வருகிறார். ஆங்கிலத் தொலைக்காட்சிகள் இவை நான்கையும் 'ரிலீஃப்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்து, கீழே 'வாக்ஸ் ஃப்ரீ' என்று ஓட்டுகின்றன. அதைப் பார்த்துத் தமிழில் எழுதுபவர் 'விடுதலை' என்று போட்டுவிடுகிறார். ஜாமீனில் வந்தவரை ஊர் நிரபராதி என்று கொண்டாடுவதும், முறையாக விடுதலையானவரை ஊர் 'ஜாமீனில்தானே வந்திருக்கிறான்' என்று ஒதுக்குவதும் இந்தக் குழப்பத்தில்தான் தொடங்குகின்றன. 'க்ளீன் சிட்' என்ற சொல்லையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். விசாரணை அமைப்பு போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்று வழக்கை முடிக்க அறிக்கை தாக்கல் செய்தால், அதை நீதிமன்றம் ஏற்கவும் செய்யலாம், மேலும் விசாரிக்கச் சொல்லவும் செய்யலாம். அறிக்கை போன அன்றைக்கே நற்சான்று வழங்கிவிடும் அதிகாரம் எந்த நாளேட்டுக்கும் கிடையாது.

நீதிபதிகள் விசாரணையின்போது வாய்மொழியாகச் சொல்வதற்கும் உத்தரவில் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடும் ஆங்கில ஊடகங்களில் பெரும்பாலும் அழிந்துபோகிறது. 'அப்சர்வ்ட்', 'ரிமார்க்ட்' (கருத்துச் சொன்னது), 'டைரக்டட்' (அறிவுறுத்தியது), 'ஆர்டர்ட்' (உத்தரவிட்டது), 'ஹெல்ட்' (தீர்ப்பில் முடிவு செய்தது) என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எடை உண்டு. கேள்வியாகக் கேட்டதைக்கூட 'ரூல்ஸ்', அதாவது தீர்ப்பளித்தது, என்று தலைப்பிட்டுவிடுகிறார்கள். 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலையின்போது தேர்தல் ஆணையத்தைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் வாய்மொழியாகத் தெரிவித்த கடுமையான கருத்து நாடெங்கும் தலைப்புச் செய்தியானது நினைவிருக்கலாம். ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டு மே 6-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், நீதிமன்றத்தில் பேசப்படுவதைச் செய்தியாக்கும் ஊடகங்களின் உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அதே தீர்ப்பு, வாய்மொழிக் கருத்துகள் உத்தரவின் பகுதி அல்ல என்பதால் அவற்றைப் பதிவிலிருந்து நீக்கும் கேள்வியே எழவில்லை என்றும் சொன்னது. ஊடகத்துக்கு உரிமை கிடைத்தது என்பதை நம் ஆங்கில நாளேடுகள் பெரிதாக வெளியிட்டன. கருத்தை உத்தரவு என்று எழுதும் பழக்கத்தை அதற்குப் பிறகாவது விட்டனவா என்று தேடிப் பார்த்தால் மகிழ்ச்சி அடைய ஒன்றும் இல்லை.

எண்கள் வரும் செய்திகளில் மொழிப் பிழையும் கணக்குப் பிழையும் ஒன்றாகிவிடுகின்றன. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி 7-ஆம் தேதி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான ரெப்போ வட்டியை 6.50 சதவீதத்திலிருந்து 6.25 சதவீதமாகக் குறைத்தது. இதை '0.25 பர்சென்ட் குறைப்பு' என்று எழுதினால் தவறு, 0.25 'பர்சென்டேஜ் பாயின்ட்' (சதவீதப் புள்ளி) என்பதே சரி. 6.50-ல் 0.25 சதவீதம் என்பது வெறும் 0.016 சொச்சம், உண்மையில் நடந்த குறைப்போ, பழைய வட்டியில் ஏறத்தாழ 3.85 சதவீதம். வங்கிக்காரர்கள் இதற்காகத்தான் சதவீதப் புள்ளியின் நூறில் ஒரு பங்கை அலகாக்கி, 25 'பேசிஸ் பாயின்ட்' என்று தனிச்சொல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வட்டிச் செய்தியில் வாசகர் எப்படியோ புரிந்துகொண்டுவிடுவார். ஒரு கட்சியின் வாக்கு 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் ஆகும்போதுதான் விளையாட்டு நடக்கிறது. அதை 5 சதவீத உயர்வு என்று ஒருவர் எழுத, 50 சதவீத உயர்வு என்று மற்றொருவர் எழுத, இரண்டும் ஒரே நாளில் அச்சாகின்றன. 'ஃபைவ் டைம்ஸ் லெஸ்' என்பதையும் விட்டுவைக்க வேண்டாம். ஐந்து மடங்கு கூடலாம். ஐந்து மடங்கு எப்படிக் குறையும்? ஐந்தில் ஒரு பங்கானது என்று இரண்டு மொழியிலும் சொல்ல வழியிருக்கிறது.

மில்லியன், பில்லியன், ட்ரில்லியன் தரும் தொல்லையைத் தங்கள் செய்திப் பிரிவு நன்றாகவே அறிந்திருக்கும். மில்லியன் பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி, ட்ரில்லியன் ஒரு லட்சம் கோடி. பிரிட்டனில் பில்லியன் என்பது முன்பு ஒரு லட்சம் கோடியைக் குறித்தது. அந்நாட்டு அரசு 1974-ல்தான் அமெரிக்க வழக்கத்துக்கு மாறியது. பழைய பிரிட்டிஷ் ஆவணங்களை மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் தொகை ஆயிரம் மடங்கு பிசகிவிடும்.

நிலநடுக்கச் செய்திகளில் 'ஆன் த ரிக்டர் ஸ்கேல்' என்ற தொடர் இன்னும் ஓய்ந்தபாடில்லை. சார்லஸ் ரிக்டர் 1935-ல் தெற்குக் கலிபோர்னியாவின் நிலநடுக்கங்களுக்காக உருவாக்கிய அந்த அளவை, ஏறத்தாழ 7-க்கு மேற்பட்ட பெரிய அதிர்வுகளைச் சரியாகக் காட்டாது. பெரிய நிலநடுக்கங்களுக்கு ஹாங்ஸ், கானமோரி ஆகியோர் 1979-ல் அளித்த 'மொமென்ட் மேக்னிடியூட்' அளவையே இப்போது பயன்படுகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியை எழுப்பிய நிலநடுக்கத்துக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் தரும் 9.1 என்ற எண் அப்படி வந்ததே. ரிக்டரின் பெயரை விட்டுவிட்டு 'அளவு 9.1' என்று எழுதினாலே சரியாகிவிடும்; ஒரு சொல் மிச்சமும் ஆகும். 'எபிசென்டர்' எத்தனை கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது என்றும் எழுதுகிறார்கள். எபிசென்டர் என்பது அதிர்வு தோன்றிய புள்ளிக்கு நேர்மேலே தரைப்பரப்பில் உள்ள இடம். அதற்கு ஆழம் கிடையாது.

வானிலையில் மட்டும் நிலைமை நேர்மாறாக இருக்கிறது; அதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. வங்கக் கடலில் எது உருவானாலும் ஆங்கிலத் தொலைக்காட்சிகளுக்கு அது 'சைக்ளோன்'தான். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை இருந்தால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்ட பிறகே அது புயல். சென்னை மண்டல வானிலை மையம் தமிழிலேயே அறிக்கை தருவதால் நம் தமிழ் நாளேடுகள் இந்தச் சொற்களைப் பிசகாமல் எழுதுகின்றன. நாகப்பட்டினத்து மீனவர் ஒருவருக்குத் தெரிந்த வேறுபாடு டெல்லியில் அமர்ந்து முழங்கும் அறிவிப்பாளருக்குத் தெரியவில்லை.

இவையெல்லாம் ஆங்கில ஊடகங்களின் பாடு, தமிழ் வாசகருக்கு என்ன வந்தது என்று தாங்கள் கேட்கலாம். தேசியச் செய்திகளும் உலகச் செய்திகளும் பெரும்பாலும் செய்தி நிறுவனங்களின் ஆங்கிலப் பிரதியிலிருந்துதான் தமிழுக்கு வருகின்றன. அந்த நிறுவனங்களில் முதன்மையான பி.டி.ஐ. (பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா) 1947-ல் நம் சென்னையில்தான் பதிவு செய்யப்பட்டது என்பது ஒரு கொசுறுத் தகவல். ஆங்கிலப் பிரதியில் விழும் பிழை மறுநாள் காலை பல மொழிகளில் அச்சேறிவிடும். நான் பணியில் இருந்தபோது ஒருநாள் இரவு, வடமாநிலம் ஒன்றில் நடந்த பேருந்து விபத்தைப் பற்றிய பிரதி வந்தது. நாற்பது 'காஷுவல்டீஸ்' என்று முதல் வரி. இறந்தவர்கள் எத்தனை, காயமடைந்தவர்கள் எத்தனை என்ற பிரிப்பு நான்காம் பத்தியில் இருந்தது. 'காஷுவல்டி' என்பது இறந்தோரையும் காயமடைந்தோரையும் சேர்த்துக் குறிக்கும் சொல். பக்கம் முடிக்கும் நேரம் நெருங்கியதால், நாளேடு ஒன்றில் மொழிபெயர்த்தவர் முதல் வரியை மட்டும் பார்த்து 'நாற்பது பேர் பலி' என்று முதல் பக்கத்தில் ஏற்றிவிட்டார். அந்த ஊருக்கு யாத்திரை போயிருந்தவர்களின் வீட்டார் விடியற்காலையிலேயே நாளேட்டின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். மூலப் பிரதி எழுதியவர் அந்தச் சொல்லை முதல் வரியில் வைத்ததே பொறுப்பின்மை. இறந்தவர்கள், காயமடைந்தவர்கள் என்று பிரித்து எழுத இன்னும் ஆறு சொல் பிடித்திருக்கும். மறுநாள் அந்த நாளேடு எண்ணிக்கையைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டது. நேற்று எழுதியது தவறு என்று ஒரு வரி இல்லை.

திருத்தும் பழக்கம் இங்கே வேரூன்றவில்லை. அச்சுப் பிழைக்குப் பேர்போன லண்டன் கார்டியன் நாளேடு 1997-ல் இயன் மேய்ஸ் என்பவரை, வாசகர்களின் புகார்களைக் கேட்டுப் பிழைகளைத் திருத்தும் வாசகர் ஆசிரியராக நியமித்து, திருத்தங்களுக்கென்று அன்றாடம் நிலையான இடத்தை ஒதுக்கியது. சென்னையிலிருந்து வெளிவரும் தி இந்து 2006-ல் கே. நாராயணனை அதே பொறுப்பில் அமர்த்தியது. அவ்விரு நாளேடுகளின் திருத்தப் பகுதியிலும் சொற்குற்றங்களோடு பொருட்குற்றங்களும் வரும்: பெயர் மாறியது, தொகை பிசகியது, நீதிமன்றம் சொல்லாததைச் சொன்னதாக எழுதியது. மற்றவர் பிழையைக் காட்டும் பகுதியை விட, தன் பிழையைத் தானே காட்டும் பகுதியில்தான் மாணவர்கள் அதிகம் கற்றுக்கொள்வார்கள் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இதுதான். டிரைடன் காலத்து விதிகளுக்கும் 'பிரிபோன்' கேலிக்கும் அப்பகுதியில் இனி இடம் தர வேண்டாம். ஆங்கிலச் செய்தியில் ஒரு சொல் மாறியதால் செய்தியே மாறிப்போன இடங்களை வாரம் ஒன்றாக எடுத்து, மூல வாக்கியத்தையும் அது தமிழில் எப்படி வந்தது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். தங்கள் நாளிதழிலேயே அப்படி வந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டச் சொற்களுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடும் வழக்கறிஞர் ஒருவரையும், எண்களுக்குப் பள்ளிக் கணக்காசிரியர் ஒருவரையும் துணைக்கு வைத்துக்கொண்டால் பகுதி இன்னும் திடமாக இருக்கும். முதல் வாரத்துக்கு 'கன்ஃபெஸ்டு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்காட்டுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. அந்த வாரத்து ஆங்கில நாளேடுகளின் குற்றச் செய்திப் பக்கமே போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சிராப்பள்ளி